மேற்படி, பக்கம் 43

அட்டையெல்லாம் கலந்துபோயிற்று. இரண்டாயிரத்து அறுநூறு அட்டை. ஏழு வருட உழைப்பு. ஒரே காலையில் குப்பை. நடந்தது அவ்வளவுதான்.

பையில் என்ன, ஏன் மடியிலேயே வைத்திருக்கிறேன், மேலே வைத்தால் என்ன என்று கேட்டீர் அல்லவா? ஆய்வேடு. ஐந்து பிரதி. இன்றைக்கு ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். இன்றுதான் கடைசி நாள். மேலே வைக்க மாட்டேன். தலைக்கு மேல் இருக்கிற எந்தப் பலகையையும் நான் நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். இந்த பஸ் திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் குறுக்கே பேசாதீர்.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில். பதிவுத்துறையில் முப்பத்தாறு வருடம். எழுத்தராகச் சேர்ந்தேன், சார்பதிவாளராக வெளியே வந்தேன். வயது எழுபத்தொன்று. அறுபத்துநாலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்கப் போகிறீர். எல்லாரும் கேட்டார்கள். பழைய பத்திரங்களைப் புரட்டும்போது அடிக்கடி ஒன்று கண்ணில் படும். வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்க இன்னார் இவ்வளவு நிலம் எழுதிவைத்தார் என்று. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் தண்ணீர், மோர், ஒரு துண்டு ஊறுகாய். நூறு வருடத்துக்கு முந்திய சமாசாரம். இதை யாரும் எழுதவில்லை. நான் எழுதினேன். போதுமா?

எனக்கு நெறியாளர் பியூலா மேடம். முப்பத்தெட்டு வயது. முதல் நாள் போனபோது வெள்ளை அட்டை ஒரு கட்டு எடுத்து மேசை மேல் வைத்தார்கள். உள்ளங்கை அகலம்.

“சார், ஒரு அட்டைக்கு ஒரு குறிப்பு. இடது மூலையில பொருள். வலது மூலையில மூலம். எந்த நூல், எந்த ஆவணம், வருஷம், பக்கம். எல்லா அட்டையிலயும் முழுசா எழுதணும்.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும் சார். ஒரு அட்டை தனியா கெடந்தாலும், தான் எங்கேருந்து வந்தோம்னு அது சொல்லணும்.”

தலையை ஆட்டினேன். அந்தம்மா பிறப்பதற்கு முன்பே நான் ஆவணம் பதிந்தவன். எனக்கு எழுதச் சொல்லித் தருகிறார்கள்!

அட்டை கடையில் வாங்கவில்லை. வீட்டில்தான் குவிந்து கிடந்ததே. கல்யாணப் பத்திரிகை. ஊரில் பாதிப் பேருக்கு வீட்டையும் வயலையும் பதிந்து கொடுத்தவன் நான். எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் எனக்குப் பத்திரிகை வரும். முகூர்த்த மாதத்தில் பதினைந்துகூட வரும். நல்ல கெட்டித் தாள், ஒரு பக்கம் வெறுமை. ஒரு பத்திரிகையை நாலாக வெட்டினால் நாலு அட்டை. வந்த அன்றே வெட்டுவேன். புதிதை அடியில் செருகி, மேலிருந்து எடுத்து எடுத்து எழுதுவேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அப்போது எனக்கு அட்டைப் பஞ்சம்.

மூலத்தை எப்படி எழுதினேன் என்றா? பத்திரம் எழுதுகிற மாதிரிதான் எழுதினேன். ஒரு பத்திரத்தில் நிலத்தின் நாலெல்லையும் ஒருமுறைதான் எழுதுவோம். அதற்குப் பிறகு ‘மேற்படி சொத்து’. ஆளின் ஊர், தகப்பன் பெயர், தொழில் ஒருமுறை. பிறகு ‘மேற்படி நபர்’. அப்படியே என் அட்டையிலும். ஒரு நூலை எடுத்தால் முதல் அட்டையில் மூலம் முழுதாக இருக்கும். அடுத்ததில் ‘மேற்படி, பக். 12’. அதற்கடுத்ததில் ‘மேற்படி, பக். 15’. நூல் முடிகிற வரைக்கும் மேற்படிதான். முப்பத்தாறு வருடக் கை. எழுத்து மிச்சம், நேரம் மிச்சம். பதிவு வரிசையில் வைத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

எண் போடவில்லையா என்று கேட்காதீர். கட்டுக்குப் போட்டேன். அட்டைக்குப் போடவில்லை. கட்டு பிரியும் என்று யார் கண்டது?

இனி என் தங்கை விஷயம். என்னைவிட எட்டு வயது சின்னவள். முப்பதில் புருஷன் போனான். அன்றிலிருந்து என் வீட்டில்தான். முப்பத்துமூன்று வருடமாக நான் வைத்துக் காப்பாற்றுகிறேன். என் மனைவி போய்ப் பத்து வருடம். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு சமையல், துணி, மருந்து, கரண்டு ஆபீசு எல்லாம் அவள். எனக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தொந்தரவு. பத்திரிகை வந்தால் அவள் படிக்காமல் விட மாட்டாள்.

சாதாரணப் படிப்பா? அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளையார் சுழியில் ஆரம்பித்து, பெரியவர்கள் பெயர், மாப்பிள்ளை படிப்பு, பெண் எத்தனையாவது மகள், மண்டபம், நல்ல நேரம், அதற்குக் கீழே தாய்மாமன், பெரியப்பா, அத்தை மாமா பட்டியல், கடைசியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும். நான் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நிற்பேன்.

“ஏளா, எவ்வளவு நேரம்? போகவா போறே?”

“இல்லண்ணே. சும்மா பாக்கேன்.”

“போகாத கல்யாணத்துக்கு எதுக்குப் படிப்பு? குடு.”

கொடுத்துவிடுவாள். அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உமக்குத் தெரியாதா? பத்திரிகை வைக்க வருகிறவர்கள் என்னிடம் தட்டை நீட்டுவார்கள். அவளிடம் தரையைப் பார்த்துக்கொண்டு, நீங்களும் வாங்க என்பார்கள். அவளும் தரையைப் பார்த்துச் சரி என்பாள். நானும் போவதில்லை. எனக்கு வேலை இருந்தது.

சென்ற மாதம் ஏழாம் தேதி. காலை பத்து மணி. மூன்றாம் இயலுக்கு அடிக்குறிப்பு எழுத நாலாம் பெட்டி வேண்டும். ஜவுளிக்கடைச் சேலைப் பெட்டிதான். பத்துப் பெட்டி, பத்தும் கூடத்துப் பலகையில். பலகையை நானே சுவரில் அடித்தேன். ஆணி சின்னது என்று பிறகு சொன்னார்கள். அது கிடக்கட்டும். ஸ்டூல் போட்டு ஏறினேன். கீழே இருந்து அவள் கூப்பிட்டாள்.

“அண்ணே, பலகை ஒரு பக்கமா எறங்குது. நீங்க எறங்குங்க.”

கூப்பிட்டால் மனிதன் திரும்பத்தானே செய்வான்? திரும்பினேன். தோள் இடித்தது. சரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

பத்துப் பெட்டியும் கவிழ்ந்தது. கட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் ரப்பர் எத்தனை வருடம் தாங்கும்? அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. ஒரு கட்டும் கட்டாக இல்லை. கூடம் முழுக்க அட்டை. நான் ஸ்டூல் மேலேயே நின்றேன்.

“அண்ணே, காலை வைக்காதீங்க. விழுந்த எடத்துலயே கெடக்கட்டும். ஒவ்வொரு குவியலா எடுப்போம்.”

எனக்கு யோசனை சொல்ல வந்துவிட்டாள். அப்போது என் நெஞ்சு இருந்த நிலையில் யோசனையா கேட்கும்? இரண்டு அரிசிச் சாக்கு எடுத்தேன். முறத்தால் அள்ளினேன். அள்ளி அள்ளிப் போட்டேன். வாய் வரைக்கும் வந்ததும் சாக்கைத் தூக்கிக் குலுக்கி இறக்கினேன், இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று. கூடம் சுத்தமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஓர் அட்டையை எடுத்துப் படித்தேன்.

‘பந்தலுக்கு நீர் எடுத்த கிணறு ஊர்ப்பொது. மேற்படி, பக். 43.’

எந்த மேற்படி? அடுத்ததை எடுத்தேன். மேற்படி, பக். 112. அடுத்தது. மேற்படி, பக். 7. மூலம் எழுதின அட்டை மொத்தம் நூற்றுத்தொண்ணூறு இருக்கும். மிச்சம் எல்லாம் மேற்படி. தகப்பன் பெயர் இல்லாமல் இரண்டாயிரத்து நானூறு பிள்ளை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. இருபத்துநாலு நாள் பாக்கி. பல்கலைக்கழகம் இரண்டு முறை அவகாசம் கொடுத்துவிட்டது. மூன்றாவது முறை கிடையாது, பதிவு ரத்து என்று கடிதம் வந்திருந்தது. ரத்தானால் மறுபடி பதிந்து ஏழு வருடம் உட்கார எனக்கு ஆயுசு இருக்கிறதா? நீரே சொல்லும். ரத்த அழுத்தம் நூற்றெண்பது. காலை ஆறு மணிக்குச் சாக்கு முன்னால் உட்காருவேன். மையை வைத்துப் பிரிக்கலாமா என்று பார்த்தேன். ஏழு வருடமும் ஒரே நீலக் கறுப்பு. கையெழுத்தை வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து முப்பத்தாறு வருடமாக ஒரு சுழி மாறாத கையெழுத்து. எனக்கு அதில் பெருமை. அதுவே எனக்கு எமன் ஆயிற்று. ஞாபகத்தை வைத்துப் பார்த்தேன். நாலு நாளில் முப்பத்தொரு அட்டை தேறியது. அதிலும் ஐந்து சந்தேகம்.

பியூலா மேடத்திடம் போனேன். ஒரு பை நிறைய அட்டையைக் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன். ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். முகம் மாறிவிட்டது.

“சார், நான் அன்னைக்கே சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“எல்லா அட்டையிலயும்னு சொன்னேன்.”

“சொன்னீங்கம்மா.”

“மூலம் இல்லாத குறிப்பு குறிப்பு இல்ல சார். யாரோ சொல்லிக் கேட்டது மாதிரி. இதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. தேர்வாளர் முதல் கேள்வியே இதைத்தான் கேப்பார்.”

கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சினவன் இல்லை. அமைச்சர் வீட்டு ஆள் வந்து நின்றபோதுகூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அன்றைக்கு எழுந்து நின்று, அந்தப் பெண்ணிடம், “எனக்கு வயசு எழுபத்தொண்ணும்மா” என்றேன். கண் கலங்கிவிட்டது, அவர்களுக்கும். ஆனால் கையெழுத்து இல்லை. “வேற ஏதாவது தடயம் இருக்கும் சார், பாருங்க” என்றார்கள். தடயமாம். நான் என்ன போலீஸ் நாயா?

கண்டக்டர், பனவடலிச்சத்திரம் போயாச்சா? போயாச்சு. சரி.

நான் மிகவும் வருத்தப்பட்ட அட்டை ஒன்று உண்டு. தேவர்குளம் ரோட்டில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அறுபத்திரண்டு சென்ட் நிலம் எழுதிவைத்தது ஒரு விதவை. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில். பத்திரத்தில் அவள் பெயரே கிடையாது. ‘காலஞ்சென்ற இன்னார் பெண்சாதி’ என்றுதான் இருந்தது. தன் நிலத்தைக் கொடுத்தவளுக்குப் பெயர் இல்லை! எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு மாதம் அலைந்தேன். மதுரை, மெட்ராஸ், கோவில் கணக்கு, மிஷன்காரர்கள் கடிதம். கடைசியில் பிடித்தேன். பிச்சாயி. பியூலா மேடம் கைதட்டினார்கள். என் ஆய்வின் உயிரே அதுதான். அந்த அட்டையில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ‘பெயர் பிச்சாயி. மேற்படி, பக். 88.’

ஒன்பதாம் நாள் ஒரு காரியம் செய்தேன். உம்மிடம் சொல்வதற்கென்ன, நீர் இறங்கிப் போய்விடப் போகிறீர். பொய் அடிக்குறிப்புப் போட்டேன். எந்த அட்டைக்கு எந்த நூல் பொருந்தும் என்று நானே ஊகித்து எழுதினேன். மத்தியானத்துக்குள் நாற்பத்துமூன்று. ஆள் மாறாட்டம் செய்து கையெழுத்துப் போட வந்தவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவன் நான். அன்றைக்கு நானே ஆள் மாறாட்டம் செய்துகொண்டிருக்கிறேன். பிச்சாயிக்கு வந்தபோது கை ஓடவில்லை. அவளுக்கும் ஒரு பொய்த் தகப்பனா? தாளைக் கிழித்துப் போட்டேன்.

அப்போது தங்கை காப்பி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? குனிந்து ஓர் அட்டையை எடுத்தாள். எழுதின பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, இது நீங்க மெட்ராஸ் போறதுக்கு முந்தி எழுதுனது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆவுடையப்பன் பேத்தி கல்யாணம். வைகாசி. பத்திரிகை கொண்டாந்தது சித்திரை மூணாம் நாளு. அன்னைக்குத்தானே உங்களுக்கு வெயில்ல மயக்கம் வந்துது?”

“ஏளா, இங்க எனக்கு உயிர் போகுது. உனக்குக் கல்யாணக் கதையா?”

அட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் காப்பி குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் முடிவு பண்ணினேன். எரித்துவிடுவது. இரண்டு சாக்கையும் இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் துவைக்கிற கல் பக்கத்தில் போட்டேன். பழைய பேப்பர் எடுத்தேன். தீப்பெட்டி எடுத்தேன். திரும்பி வந்தால் அவள் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு சாக்கின் மேல் காலை நீட்டிக்கொண்டு. முப்பத்துமூன்று வருடத்தில் என் முன்னால் காலை நீட்டினவள் இல்லை.

“எந்திரிளா.”

“மாட்டேன்.”

“தீ வச்சிருவேன்.”

“வைங்க.”

“இது என் அட்டை. நான் என்னமும் செய்வேன்.”

“எழுத்து ஒங்களுது. அட்டை என்னுது.”

“உன்னுதா? பத்திரிகை யார் பேருக்கு வந்துச்சு?”

“ஒங்க பேருக்குத்தான் வந்துது. படிச்சது யாரு? ஒரு கல்யாணம் சொல்லுங்கண்ணே. இந்த ஏழு வருஷத்துல வந்ததுல, பொண்ணு பேரு மாப்பிள்ளை பேரு சேத்து, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எந்திரிச்சிருதேன்.”

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

“எனக்கு அறுநூத்தம்பது கல்யாணமும் ஞாபகம் இருக்கு” என்றாள். “என்னைக்கு வந்துது, யாரு கொண்டாந்தா, எல்லாம் இருக்கு. நீங்க வெட்டுறதுக்கு முந்தி அவ்வளவு நேரம்தான் எனக்கு. மறந்தா மறுபடி பாக்க முடியாதுல்லா?”

அப்புறம் சாக்குக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தாள். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள், பார்த்திருப்பீர். நாலாக வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூலை மஞ்சள். நான் அதைக் கவனித்ததே இல்லை.

“இங்க பாருங்க. மேல எடது மூலையில மஞ்சள். இது முதல் கால். மிச்சம் மூணு காலும் இந்தச் சாக்குலதான் கெடக்கு. நாலையும் சேத்தா ஒரு கல்யாணம். ஒரு கல்யாணம்னா நீங்க அடுத்தடுத்து எழுதுன நாலு அட்டை. கல்யாணத்தையெல்லாம் வந்த நாள்படி அடுக்குனா ஏழு வருஷமும் வரிசையா வந்துரும். வருமா, வராதா?”

வரும். எனக்கே தோன்றியிருக்கும், இரண்டொரு நாளில். பதற்றத்தில் தோன்றவில்லை. தீப்பெட்டியை அவள் வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

பதின்மூன்று நாள் இருந்தது. பதினொரு நாள் ஆயிற்று. காலை ஆறு மணியிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். முதலில் மஞ்சள் மூலையைப் பார்த்து நாலு குவியல். பிறகு தாளின் நிறம், எழுத்தின் நிறம். பிறகு பொருத்துவது. அவள் ஒரு துண்டை எடுத்து ‘...செல்வன் முத்துக்கரு...’ என்று பாதி எழுத்தைப் பார்த்தால் போதும். “முத்துக்கருப்பன். பி.இ. படிச்ச பையன். பொண்ணு கழுகுமலை. ரோஸ் தாள், மயில் படம் இருக்கும், பாருங்க” என்பாள். மயிலைத் தேட வேண்டியது என் வேலை. எழுபத்தொரு வயதில் நான் தரையில் தவழ்ந்து மயில் தேடினேன். கூடம் நிறைந்தது. உள்ளறை நிறைந்தது. பிறகு அடுப்படி. மூன்று நாள் வெளியிலிருந்து இட்டிலி வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. என் டைரியைக் கொண்டுவந்தேன். எந்தத் தேதியில் எந்த நூலகத்தில் இருந்தேன் என்று அதில் இருந்தது. அதில்லாமல் அவளால் என்ன செய்திருக்க முடியும்? சந்தேகமும் கேட்டேன்.

“இந்த ரெண்டும் ஒரே முகூர்த்தம். எது முந்தி வந்துது? ஊகமா சொல்லாதே.”

“பச்சை முந்தி. செவ்வாக்கிழமை வந்தாங்க. மாப்பிள்ளைக்கு அம்மா அடுப்படி வரைக்கும் வந்து, என் கையைப் பிடிச்சு, ‘நீ கட்டாயம் வரணும்’னா. அப்படிச் சொன்னது அவ ஒருத்திதான். அதான் ஞாபகம்.”

“போனியா?”

“எப்படிண்ணே போவேன்?”

நான் அடுத்த குவியலை இழுத்தேன். இன்னும் நானூறு கல்யாணம் பாக்கி இருந்தது.

ஆடிக்கும் மார்கழிக்கும் தரையில் ஒரு சாண் இடைவெளி விட்டாள். அந்த மாதங்களில் நான் எழுதினது குறைவு. சரியாக வந்தது. ஏழு வருடம் ஏழு வரிசை. நான் ஒரு பக்கத்திலிருந்து அட்டைகளைத் திருப்பிக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு மூலம். அதற்குப் பின்னால் மேற்படி, மேற்படி, மேற்படி. பக்க எண் ஏறிக்கொண்டே போகிறது. பிறகு அடுத்த மூலம். எட்டாவது நாள் சாயங்காலம் பிச்சாயி வந்தாள். கோவில் தர்மக் கணக்கு, இரண்டாம் தொகுதி, எண்பத்தெட்டாம் பக்கம். அவள் அட்டைக்குப் பின்னால் யாருடைய தாய்மாமன் பட்டியலோ இருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி. வேறொன்றும் இல்லை.

அறுபத்துநாலு அட்டை இடம் சேரவில்லை. அந்த வரிகளை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். சந்தேகமானதைப் பதிய மாட்டேன். பியூலா மேடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அடிக்குறிப்பை எல்லாம் சோதித்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். எப்படி சார் முடிச்சீங்க என்று கேட்டார்கள். வரிசைப்படுத்தினேன் என்றேன்.

மானூர் தாண்டிவிட்டது. இன்னும் அரை மணி.

என்ன கேட்டீர்? நன்றியுரையா? இருக்கிறது. இதோ, மூன்றாம் பக்கம், பாரும். நெறியாளர். ஆவணக் காப்பகம் மூன்று. நூலகம் இரண்டு. கோவில் அலுவலர். தட்டச்சு செய்தவர். பைண்டிங் செய்தவர். யாரையும் விடவில்லை.

அவளா? வீட்டு ஆளுக்கு நன்றி எழுதுவது எந்த ஊர் வழக்கம்? அவள் எதிர்பார்க்கவும் மாட்டாள். அதற்கு அடுத்த பக்கத்தைப் பாரும். உறுதிமொழி. ‘இவ்வாய்வு பிறர் உதவியின்றி என்னால் செய்யப்பட்டது.’ எல்லாரும் போடுவது. நானும் போட்டேன்.

நேற்று பிரதி வந்ததும் அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று நினைக்காதீர். அடுப்படி வாசலில் உட்கார்ந்து படித்தாள். தலைப்பிலிருந்து ஆரம்பித்தாள். நன்றியுரையில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசிப் பெயருக்கு வந்து, மறுபடி மேலே போய், இன்னொரு முறை பார்த்தாள். மூடினாள். “நல்லா வந்திருக்குண்ணே” என்றாள். என் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லவில்லை.

நீர் ஏன் அப்படிப் பார்க்கிறீர்?

வெளியே என்ன இருக்கிறது? ஜன்னலைப் பாராதீர், என்னைப் பாரும். நான் என்ன தப்புப் பண்ணினேன்? அச்சாகிவிட்டது. பைண்டிங் ஆகிவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

உம்மிடம் பேனா இருக்கிறதா? நீலம் வேண்டாம். கறுப்பு. கொடும். பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், கீழே விட்டுவிடாதீர். பைண்டிங்காரனுக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருக்கிறது. கையால் எழுதினால் பல்கலைக்கழகத்தில் ஒத்துக்கொள்வார்களா? பத்திரத்தில் ஒத்துக்கொள்வோம். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் செல்லும். இதுவும் செல்லும். செல்லாது என்று எவன் சொல்கிறான் பார்ப்போம்.

பஸ் குலுங்குகிறது. ஓட்டுகிறவனை மெதுவாகப் போகச் சொல்லும். ஐந்து பிரதியிலும் எழுத வேண்டும்.

பெயர் என்னவா? ஏளா, ஏளா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. இரும், எழுதுகிறேன். பிழை இருக்கிறதா என்று பாரும்.

‘அட்டைகள் அனைத்தையும் வரிசைப்படுத்தித் தந்தவர், என் தங்கை உலகம்மாள்.’